சும்மா இருக்கும் கணிப்பொறிக்கு ஒரு வேலை

நெசவுக்குப் பேர்போனது சேலம் அம்மாபேட்டை. நூறு சேலைகளை ஒரே தறியில் நெய்தால் மாதக்கணக்கில் ஆகும். பல வீட்டுத் தறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வரும் சேலையை விரித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கணிப்பொறி உலகிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது.

கணிப்பொறியின் இயக்க அமைப்புக்கு உட்கரு ஒன்று உண்டு. அதன் பெயர் கெர்னல். நினைவகத்தைப் பங்கிடுவது, நீங்கள் தட்டும் எழுத்தை வாங்குவது, வட்டில் கோப்பை எழுதுவது எல்லாம் அதன் பொறுப்பு. விளையாட்டு நிரலில் பிழை இருந்தால் விளையாட்டு மட்டும் நிற்கும். கெர்னலில் பிழை என்றால் கணிப்பொறியே உறைந்துபோகும், கோப்புகளும் பாழாகலாம்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. இன்று 3 கோடிக்கு மேல்! ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் இயக்க அமைப்பிலும் இருப்பது இதுதான். 9, 10 வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது; ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள்.

இந்த வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றுவதைத் தொகுத்தல் என்பார்கள். கெர்னல் பல்லாயிரம் கோப்புகளாக இருப்பதால், அவற்றைப் பல கணிப்பொறிகளுக்குப் பிரித்தனுப்பித் தொகுக்கலாம். இதில் வேகம்தான் லாபம்.

சோதனைக்கோ வேகம் மட்டும் போதாது. ஒரே மாதிரியான ஆயிரம் கணிப்பொறிகள் ஒரே பிழையைத்தான் காட்டும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மடிக்கணிப்பொறியின் ஒலி அட்டை வேறாக இருக்கலாம். அதில் மட்டுமே தலைகாட்டும் பிழையை வேறு யார் பிடிப்பது? ஆகவேதான் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளைத் தொண்டர்கள் தங்கள் கணிப்பொறிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கெர்னல்சிஐ என்னும் திட்டம் பல நாட்டு ஆய்வகங்களில் உள்ள விதவிதமான கருவிகளில் இதைத் தானாகவே செய்விக்கிறது.

புதிய பதிப்பில் ஒலி வரவில்லை, பழையதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 10,000 மாற்றங்கள். குற்றவாளி எது? முதல் 5,000 மாற்றங்களை மட்டும் சேர்த்துத் தொகுத்து ஓட்டுங்கள். ஒலி வந்தால் பிழை பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியையும் இரண்டாக்குங்கள். 2-ன் 14-ஆம் அடுக்கு 16,384 அல்லவா? அதனால் 14 சோதனைகளுக்குள் அகப்பட்டுவிடும். ஒரு தொகுப்புக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு இரவு வேலைதான்.

வீட்டுப்பாடமும் குடும்பப் படங்களும் உள்ள கணிப்பொறியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மின்சாரச் செலவுக்கு அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பிறந்தது இன்டெல் 386 சில்லு கொண்ட கணிப்பொறியில். பராமரிப்பது தொல்லை என்று 2012 டிசம்பரில் அந்தச் சில்லுக்கான வரிகளை நீக்கினார்கள். டோர்வால்ட்ஸின் அந்த முதல் கணிப்பொறியில் இன்றைய லினக்ஸ் ஓடாது.