நிலக்கரிச் சுரங்கமும் தானே மூளுந் தீயும்

பற்றவைப்பார் இன்றியே நெருப்பு மூளும் என்பது கேட்போர்க்கு வியப்பாகலாம். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைப்போர்க்கோ இஃது என்றும் உள்ள அச்சமாகும். வெட்டப்பட்ட கரி, சாதாரண வெப்பநிலையிலேயே வளியிலுள்ள ஒட்சிசனை மெல்ல ஏற்கின்றது. ஏற்குந்தோறும் சிறிது வெப்பம் பிறக்கின்றது. வளி நன்கு வீசுமிடத்து அவ்வெப்பம் உடனே அகன்றுவிடும். வளியே புகாவிடத்து வெப்பம் பிறத்தற்கே வழியில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே கொடிது. கைவிடப்பட்ட வெளிகளிற் குவிந்து கிடக்கும் உடைந்த கரியினூடே வளி கசியுங்கால், ஒட்சிசன் கிடைக்கின்றது. வெப்பமோ வெளியேறாது திரள்கின்றது. வெப்பம் ஏற ஏற ஒட்சியேற்றமும் விரைவுபடும். ஈற்றிற் கரி கனன்றெழும்.

இதனைத் தடுக்கும் பொருள்களை அவற்றின் தொழில் நோக்கி மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, வெற்றிடத்தை நிரப்புவன. இந்தியாவின் ஜாரியா நிலக்கரி வயலில், தாமோதர் ஆற்று மணலை நீரொடு கலந்து குழாய்வழிச் செலுத்திக் கரி அகழ்ந்த வெளிகளை நிரப்பினர். அவ்வயலில் 1916ஆம் ஆண்டு முதன்முதலாகக் குறிக்கப்பட்ட தீ, நூறாண்டு கடந்தும் முற்றாக அவியவில்லை என்பது, வருமுன் காத்தலின் அருமையை உணர்த்தும். களிமண் குழம்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் இவ்வாறே பயன்படுவன.

இரண்டாவது, கரியின் மேற்பரப்பைக் காப்பன. கல்சியங் குளோரைட்டு, மகனீசியங் குளோரைட்டு என்பன வளியிலுள்ள ஈரத்தை ஈர்ப்பன. ஆதலின் இவற்றின் கரைசல் தெளிக்கப்பட்ட கரி எளிதில் உலராது. சோடியஞ் சிலிக்கேற்றுக் கரைசலோ தக்க பொருளொடு சேர்ந்தவிடத்துக் களியாக உறைந்து, பிளவுகளை அடைத்து, நீரையுந் தன்னகத்தே தாங்கி நிற்கும்.

மூன்றாவது, ஒட்சிசனை விலக்குவன. அடைக்கப்பட்ட பகுதியினுள் நைதரசனைச் செலுத்துதல் இவ்வகையினது. ஆயின், மணமும் நிறமும் அற்ற அவ்வாயு தொழிலாளர் நடமாடுமிடத்திற் கசியுமாயின், அவர் அறியாமலே மூச்சடைத்து வீழ்வர்.

தடுபொருளே கேடு விளைத்த நிகழ்ச்சியும் உண்டு. ஸ்கொத்லாந்திலுள்ள மைக்கேல் சுரங்கத்தில், வளிக்கசிவை அடைத்தற்பொருட்டுப் பொலியூரதேன் என்னும் நுரைப்பொருளைச் சுரங்கவழிச் சுவர்களிற் பூசியிருந்தனர். 1967ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆந் தேதி, கரியில் தானே மூண்ட தீ அந்நுரையைப் பற்றியது; கடும்புகை வழிகளை நிரப்பிற்று. அன்று நிலத்தடியில் நின்ற 311 பேருள் ஒன்பதின்மர் மாண்டனர். அச்சுரங்கம் மீண்டும் இயங்கவில்லை.

வளியைத் தடுக்குமா என்று வினவியோர், தீயில் அதுவே எரியுமா, எத்தகைய புகையைத் தரும் என்றும் வினவியிருத்தல் வேண்டும். பரிசோதனைச்சாலையில் ஒரு பொருளின் இயல்பை எழுதும் நம் மாணவர், ஒரு பயனைக் கண்டவுடன் குறிப்பை முடித்துவிடாது, அதன் ஏனை இயல்புகளையும் ஆராய்ந்தறிதல் இதனாலேயே இன்றியமையாததாகும்.