பாட வேண்டாம், வாசிக்க வேண்டாம்... இசையில் முதுகலை படிக்கலாம், தெரியுமா?

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் இசையியல் முதுகலையில் சேர, பெரும்பாலான இடங்களில், யார் முன்னாலும் பாடிக் காட்ட வேண்டாம், ஒரு வாத்தியத்தைத் தொடக்கூட வேண்டாம். நம்ப முடிகிறதா? வாசிப்பவர்களுக்கு அந்த நாட்டில் தனி இடம் இருக்கிறது: ‘மூஸிக்ஹோக்‌ஷூலே’ என்னும் இசைக் கல்லூரிகள். நடுவர்கள் முன் கைவியர்க்க வாசித்துத்தான் அங்கே நுழைய முடியும். பல்கலைக்கழகத்து ‘மூஸிக்விஸ்ஸன்ஷாஃப்ட்’, அதாவது இசையியல், வேறு ரகம். ஐரோப்பிய இசைக்குறியீடு படிக்கத் தெரியவேண்டும், இளங்கலையில் இசையியலோ அதற்கு நெருங்கியதோ படித்திருக்கவேண்டும். அதற்குமேல் வேண்டியது துப்பறியும் மூளை!

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே துப்பறிதல்தான். யோஹான் செபாஸ்டியன் பாஹ் லைப்சிக் நகரத் தேவாலயங்களுக்காக எழுதிக் குவித்த கன்டாட்டாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வழிபாட்டில் பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து இசைப்பவை. அவற்றில் ‘கோரல் கன்டாட்டா’ என்றொரு வரிசை. இவை பாஹின் பிற்காலப் படைப்புகள், 1730களிலும் அதற்குப் பிறகும் வந்தவை என்று 19-ஆம் நூற்றாண்டில் அவருடைய பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபிலிப் ஷ்பிட்டா கணித்தார். உலகமும் நம்பியது. 1950களில் ஆல்ஃப்ரெட் டூர், கேயோர்க் ஃபான் டாடெல்சென் என்று இரண்டு அறிஞர்கள் வந்தார்கள். அவர்கள் இசையைக் கேட்பதோடு நிற்கவில்லை, தாளை ஆராய்ந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி எந்த ஆலையுடையது, அதே தாள் தேதியிட்ட வேறு எந்த ஆவணத்தில் இருக்கிறது, பிரதி எடுத்துக் கொடுத்தவர்களின் கையெழுத்து ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தார்கள். விடை தலைகீழாக வந்தது! அந்த வரிசையின் பெரும்பகுதி 1724-25இல் எழுதப்பட்டது. 1723இல் பாஹ் லைப்சிக்கில் பதவியேற்று ஓராண்டு ஆனவுடன், கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்! முதிர்ந்த மேதை நிதானமாகச் செதுக்கியவை என்று தலைமுறைகள் பூரித்துப்போன படைப்புகள், நாற்பதை நெருங்கிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாகவேண்டும் என்று எழுதித் தள்ளியவை. ஒரு சுரத்தையும் தொடாமல் ஒரு மனிதரின் வாழ்க்கையையே மாற்றி எழுதிவிட்டார்கள்.

இது பழைய கதை என்கிறீர்களா? 2004 செப்டம்பரில் வைமர் நகரின் அன்னா அமாலியா நூலகம் தீப்பிடித்து, சுமார் 50,000 நூல்கள் சாம்பலாயின. நூற்கட்டு ஆய்வுக்காக முன்பே வேறிடம் போயிருந்த ஒரு பெட்டி தப்பித்தது. உள்ளே வைமர் கோமகனுக்கு எழுதிய பழைய பிறந்தநாள் வாழ்த்துகள். மறு ஆண்டு மிஹாயெல் மௌல் என்ற ஆய்வாளர் அதைத் திறந்து புரட்டினால், ஒரு வாழ்த்துக் கவிதையின் கடைசிப் பக்கங்களில் பாஹின் சொந்தக் கையெழுத்தில் ஒரு பாடல்! 1713இல் எழுதியது; இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

2025 நவம்பரில் இன்னொரு அதிர்ச்சி. லைப்சிக் பாஹ் ஆவணகத்தின் தலைவர் பேட்டர் வோல்னி, ஆர்கனுக்கான இரண்டு படைப்புகளை பாஹுடையவை என்று அறிவித்தார். பாஹ் பணிபுரிந்த தூய தாமஸ் தேவாலயத்திலேயே அவை வாசிக்கப்பட்டன. அந்தப் பிரதிகளை அவர் முதலில் பார்த்தது 1992இல், பிரஸ்ஸல்ஸ் நூலகத்தில். பிரதி எடுத்தவர் யார் என்ற முடிச்சு அவிழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. முதுகலை ஆய்வேட்டுக்கு மாணவருக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய ஒரே ஒரு செமஸ்டர்!

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கும் பெர்லின் சுவருக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று மூலப் பிரதியைப் பிரித்துப் பல இடங்களுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபின் சிம்பொனியின் ஒரு பகுதி கிழக்கு பெர்லினில், இன்னொரு பகுதி மேற்கு பெர்லினில்! மனிதர்கள் எல்லாரும் உடன்பிறப்புகள் என்று பாடும் இசைக்கு நடுவே முள்வேலி. நாடு இணைந்த பிறகுதான் தாள்களும் இணைந்தன. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

விளம்பரங்களில் இடிபோல முழங்கும் ‘கார்மினா புரானா’ கோரஸ் இடைக்கால இசை என்று நினைத்திருந்தால்... இல்லை! சொற்கள்தான் பழையவை, மெட்டு 1930களில் கார்ல் ஓர்ஃப் போட்டது. ம்யூனிக்கில் இருக்கும் 13-ஆம் நூற்றாண்டு மூலச் சுவடியில் கோடுகளே இல்லாத இசைக்குறிகள் உண்டு. குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. இப்படிப்பட்ட குறிகளோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொடுக்கும் பாடத்தைக் கண்டு அங்குள்ள மாணவர்களே நடுங்குவார்கள்.

இந்தத் துறையின் வரைபடத்தைப் போட்டவருக்கு அப்போது முப்பது வயதுகூடத் தாண்டவில்லை. 1885இல் கீடோ ஆட்லர் ஒரே கட்டுரையில் இசையியலை வரலாறு, ‘சிஸ்டமாட்டிக்’ என இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது கிளை ஒலியியலையும் உளவியலையும் இழுத்துக்கொண்டது. ஹாம்புர்க்கில் படிக்கப் போனால் சுவடிக்குப் பதில் ஒலிவாங்கியோடு உட்காரலாம். 1900இல் கார்ல் ஷ்டும்ஃப் என்ற உளவியல் பேராசிரியர், பெர்லினுக்கு வந்திருந்த சயாம் நாட்டுக் கலைஞர்களின் வாசிப்பை மெழுகு உருளைகளில் பதிந்தார். அதிலிருந்து வளர்ந்த பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகத்தின் உருளைத் தொகுப்பும் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது.

இப்போது நம் வீட்டுச் சங்கதி. அந்தக் காப்பகத்தை நடத்திய ஹோர்ன்போஸ்டலும், வாத்திய அறிஞர் குர்ட் ஸாக்ஸும் 1914இல் உலகத்து வாத்தியங்களுக்கெல்லாம், நூலகப் புத்தகங்களுக்குப் போடுவதுபோல, எண் போட்டார்கள். அதில் நம் நாதஸ்வரம் விழும் இடம் 422.112. இரட்டை நாக்குச் சீவாளி, கீழே போகப்போக விரியும் குழல் என்று அர்த்தம். ஐரோப்பிய ஓபோவுக்கும் அதே எண்! அவர்கள் அடித்தளமாக வைத்த நாலு பிரிவும் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்னும் நம்முடைய கருவிப் பிரிவுகளோடு ஒட்டிப் போகிறது. நாம் ஒரு படி மேலே போய் மிடறு என்று மனிதத் தொண்டையையும் கருவியாக எண்ணினோம். அந்த ஜெர்மன் பட்டியலில் தொண்டைக்கு எண்ணே கிடையாது!

இருவரையும் 1933இல் நாஜிகள் வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஸாக்ஸ் பாரிஸ் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஹோர்ன்போஸ்டல் இரண்டே ஆண்டுகளில் நாடு கடந்த நிலையில் இறந்தார். நாஜிகளின் நிழல் விழுந்த இன்னோர் இடம், லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வாத்திய அருங்காட்சியகம். பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரி தன் கையால் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே. ஒன்று, 1726இல் செய்தது, அங்கே இருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பல்கலைக்கழகம் 1926இல் வாங்க 2,00,000 மார்க் கொடுத்தவர் இசைப் பதிப்பாளர் ஹென்ரி ஹின்ரிக்சென். 1942இல் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பியானோவோடு அந்தப் பெயரையும் பார்த்துவிட்டு வரட்டும்.

செலவு? பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான்! ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், டூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்கிறது. கனவு காண்பதற்கு முன் மற்ற கணக்குகளும் உண்டு. விசாவுக்கு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில், ஓராண்டுக்கு 11,904 யூரோ. இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் மேலாக ஜெர்மன் மொழி. இந்தப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கிறது, சி1 என்னும் உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். இதில்தான் பலர் இடறுகிறார்கள். நாலு செமஸ்டர், 120 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

வகுப்பு பத்து மணி என்று போட்டு, பக்கத்தில் ‘சே டே’ என்று இரண்டெழுத்து இருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், தெரியுமா? முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். இசை படிக்கிற கூட்டம் அதையாவது தாளத்தோடு செய்யக் கூடாதா!

இத்தனையும் படாமல் பட்டம் வாங்கியவரும் உண்டு. அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் 1879இல் இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மனிதர் ஓர் அஞ்சலட்டையில் நன்றி எழுதிப் போட்டுவிட்டார். ஓர் இசைப் படைப்பாக நன்றி வந்தால் நன்றாயிருக்கும் என்று நண்பர் சொல்ல, மாணவர்கள் பீர் கோப்பையோடு பாடும் பாட்டுகளையெல்லாம் கோத்து ஒரு ‘அகாடமிக் விழா’ முகப்பிசை எழுதி, 1881 ஜனவரியில் பேராசிரியர்களை உட்காரவைத்து அவரே நடத்தினார்!