வரியும் இசைவும்: நானிங் வரலாற்றின் ஒளியில் அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பில் மூன்று அடிப்படைகளை முதன்மையாகக் கொள்ளலாம். ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே ஆட்சியின் உரிமை பிறக்கின்றது என்பது முதலாவது. சட்டம் இயற்றுதல், அதனைச் செயற்படுத்துதல், அதன் பொருளை முடிவுசெய்தல் ஆகிய அதிகாரங்கள் ஒரே கையில் சேரலாகாது என்பது இரண்டாவது. எழுதப்பட்ட அரசமைப்பு ஆட்சியாளரையும் கட்டுப்படுத்தும் என்பது மூன்றாவது. மாணவர்க்கு இவை தொலைதேசத்துக் கருத்துகளாகத் தோன்றக்கூடும். இவை இல்லாத ஆட்சி எவ்வாறு இயங்கும் என்பதை அறிய, மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்திலுள்ள நானிங்கின் வரலாறு துணைசெய்கின்றது.

ஒரே கும்பினி, இரு நிலங்கள்

தங்கள் சார்பாளர் இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாகாது என்பதே அமெரிக்கக் குடியேற்றத்தாரின் முதன்மையான வாதம். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கும்பினிக்கு உரியது. வரியின் அளவைவிட அதனை விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அங்கு எழுந்த வினா. 1776 இல் விடுதலைச் சாற்றுரை வெளிவந்தது. 1787 இல் அரசமைப்பு வரையப்பட்டது.

அதே கும்பினி 1825 இல் ஒல்லாந்தரிடமிருந்து மலாக்காவைப் பெற்றது. நானிங் மக்கள் பெர்பாத்தே வழக்காற்றைப் பின்பற்றித் தம் பெங்ஹுலுவின் தலைமையில் வாழ்ந்துவந்தனர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய உடன்படிக்கைகளில் இருந்தபோதிலும், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 400 காந்தாங் நெல் மட்டுமே பெயரளவில் செலுத்தப்பட்டுவந்தது. 1801 இல் ஆங்கிலேயர் செய்த உடன்படிக்கையும் இச்சலுகையை ஏற்றது. எனினும் ஆளுநர் ஃபுல்லர்ட்டன் காலத்தில், நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே எனவும் பத்தில் ஒரு பங்கை முழுமையாகச் செலுத்த வேண்டும் எனவும் கும்பினி முடிவுசெய்தது. பெங்ஹுலு டோல் சைட் அதனை ஏற்க மறுத்தார்.

1831 இல் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் சுமார் 150 பேருடன் சென்ற படை தோற்றுத் திரும்பியது. காட்டை வெட்டிப் பாதை அமைத்து முன்னேறிய இரண்டாம் படை, 1832 ஜூன் மாதத்தில் தாபோவைக் கைப்பற்றியது. இப்போருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் செலவானதாகக் கூறப்படுகின்றது. நானிங்கிலிருந்து கிடைக்கக்கூடிய ஆண்டு வருவாயோடு ஒப்பிட அது மிகப் பெரிய தொகை. டோல் சைட் பின்னர்ச் சரணடைந்து, உதவித்தொகை பெற்று மலாக்காவில் வாழ்ந்து 1849 இல் மறைந்தார். இப்போரை விவரிக்கும் பெக்பியின் நூல் 1834 இல் சென்னை வேப்பேரியில் அச்சானது. தமிழகத்துக்கும் அலோர் காஜாவுக்கும் இடையிலான தொடர்பு தோட்டங்களுக்கு முன்பே, ஒரு படையெடுப்பின் வழியாகவும் அமைந்திருந்தது என்பது நாம் மறக்கலாகாத உண்மை.

நானிங் காட்டும் குறை

வரியைக் கோரியதும், உடன்படிக்கைக்குப் பொருள் சொன்னதும், படை அனுப்பியதும் கும்பினியே. கோரிக்கை முறையானதா என்று நடுநின்று ஆராயும் மன்றம் ஒன்று இவ்வழக்கைத் தீர்க்கவில்லை. அமெரிக்க அரசமைப்பு தவிர்க்க முயன்றது இந்நிலையையே. வரி விதிக்கும் அதிகாரம் அங்குக் காங்கிரசுக்கு உரியது. வருவாய் மசோதாக்கள் பிரதிநிதிகள் அவையிலேயே தொடங்க வேண்டும். அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்பதை 1803 இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது.

ஒப்பீட்டில் அளவு கடத்தல் ஆகாது. டோல் சைட் வழக்காற்றுத் தலைவர். மக்களாட்சிக் கோட்பாட்டை முன்வைத்தவர் அல்லர். இசைவைப் போற்றிய அமெரிக்க அரசமைப்பும் அடிமைகளின் இசைவைக் கேட்கவில்லை. கோட்பாடு எழுதப்படுவதாலேயே அது நடைமுறை ஆகிவிடுவதில்லை.

நம் அரசியலமைப்பில் இக்கோட்பாடுகள்

1957 இன் கூட்டரசு அரசியலமைப்பு இக்கோட்பாடுகளைத் தன் வழியில் ஏற்றுள்ளது. 4 ஆம் பிரிவு அரசியலமைப்பே நாட்டின் உச்சச் சட்டம் என்கின்றது. கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசு எவ்வரியும் விதிக்கலாகாது என்பது 96 ஆம் பிரிவு. வரி மசோதாவை மேலவையில் தொடங்க 67 ஆம் பிரிவு இடந்தரவில்லை. 1831 இல் நானிங்கில் எழுந்த வினாவுக்குச் சட்டம் தரும் விடையாகவே இவற்றைப் படிக்கலாம்.

நீதித்துறையின் நிலை இத்துணை எளிதாக அமையவில்லை. 1988 இல் 121 ஆம் பிரிவு திருத்தப்பட்டபோது, நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்ற தொடர் நீக்கப்பட்டது. நில எடுப்பு இழப்பீடு பற்றிய செமினி ஜெயா வழக்கில், 2017 இல் கூட்டரசு நீதிமன்றம் நீதி அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என உறுதிப்படுத்தியது. இழப்பீட்டுத் தொகையை நீதிபதிக்கு மாறாக மதிப்பீட்டாளர்களே முடிவுசெய்யும் விதி செல்லாததாயிற்று.

பள்ளி வரலாற்றில் டோல் சைட் அந்நியரை எதிர்த்த வீரராகவே பெரிதும் அறிமுகமாகின்றார். அவ்வீரத்தோடு, 'உடன்படிக்கையின் பொருளை யார் முடிவுசெய்தார்?' என்னும் வினாவையும் ஆசிரியர்கள் வகுப்பில் எழுப்புதல் நலம். அரசமைப்பின் பயனை மாணவர் உணர்வதற்கு அவ்வினாவே தக்க தொடக்கமாகும்.