கடன் கொப்பியும் கமராவும்

வியாபாரிக்கு ஞாபகத்தை விடக் கொப்பிதான் பெரிது என்பார் என் வாப்பா. கடன் கொடுத்தால் அன்றைக்கே எழுது, இரண்டு பேர் பார்க்க எழுது என்பார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்தான். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சூரா பகராவின் 282ஆம் வசனம் அது. சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது என்று அதிலும், சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று அடுத்த வசனத்திலும் வருகிறது.

வழமையாக இந்தப் பகுதியில் சரக்கு விலையும் வங்கி விவகாரமும் எழுதுகிறேன். இந்த வாரம் கமரா. வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காமல் கொஞ்சம் வாசியுங்கள்.

1999இல் என் ராத்தாவின் மகன் லிங்கநகரிலுள்ள என் கடைக்கு வந்தான். "மாமா, ஒரு கமரா வாங்கக் கடன் தாங்க. பத்திரிகைக்குப் படம் எடுக்கப் பழகப் போறன்" என்றான். நான் மறுத்தேன். உருவப்படம் எடுப்பது மார்க்கத்தில் கூடாது என்று பலர் சொல்கிறார்களே என்றேன். அந்தத் தொழில் சோறு போடாது என்றும் சொன்னேன். உண்மையில் என் மனதில் இருந்தது இரண்டாவது காரணம். முதலாவதை முன்னால் வைத்தால் பையன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று எனக்குத் தெரியும். கடவுச்சீட்டுக்காக ஸ்டூடியோவில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தவன்தான் நானும். அடுத்த வருடம் அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

உருவம் வரைவதையும் சிலை செய்வதையும் பற்றிய ஹதீஸ்கள் கமராவுக்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கமரா புதிதாக எதையும் படைப்பதில்லை, இருக்கிற நிழலைப் பிடித்து வைக்கிறது என்ற அடிப்படையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுமதித்து எழுதினார். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இருட்டறையில் சிறு துளை வழியாக ஒளி விழும் விதத்தைப் பரிசோதித்து எழுதியவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை அது. (கமரா என்ற சொல்லே அரபு என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். இல்லாத பெருமை நமக்கு எதற்கு?)

மருமகன் கட்டார் போகுமுன் இரவல் கமரா ஒன்றால் எடுத்த படங்களில் ஒன்று, கிண்ணியாவில் என் மச்சானின் கடைத் திறப்பு விழாப் படம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அந்தக் கடையைக் கணக்குக் கொப்பிகளோடு கொண்டு போனது. நட்டத்தைப் பதிய வந்தவர்கள் ஆதாரம் கேட்டபோது மச்சானிடம் ஒன்றுமில்லை. என் வீட்டு அல்பத்தில் அந்தப் படம் இருந்தது. இறாக்கைகள், பீங்கான் அடுக்குகள், தராசு, எல்லாம் அதில் தெரிந்தன. அன்றுதான் படமும் ஒரு சாட்சி என்று எனக்கு உறைத்தது.

முழுதாக உறைத்தது 2006 ஜனவரியில். அந்த மாதம் 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று அரச தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற சகோதரர் வைத்தியசாலைப் பிரேத அறைக்குக் கமராவோடு போனார். அவர் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி'யில் வெளிவந்தன. தலைகளில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். பிறகு கைக்குண்டுக் கதை எடுபடவில்லை.

பெரிய ஸ்டூடியோக்காரரா அவர்? இல்லை. துறைமுகத்தில் வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகப் பத்திரிகைக்கு எழுதியவர். நம்மில் பலரைப் போலக் காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர். 2006 ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில், ஆளுநர் செயலகத்துக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் வழக்கில் சந்தேக நபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் உங்களுக்கோ பெற்றோருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று சூரா நிஸாவின் 135ஆம் வசனம் யாரைப் பார்த்துச் சொல்கிறது? தினமும் ஓதும் நாங்கள் அந்த மாதம் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்தோம். பயம்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நம்மவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். டில்லியைச் சேர்ந்த டானிஷ் சித்தீக்கி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் பொருளாதாரம் படித்தவர். பிறகு அங்கேயே ஊடகத்துறை படித்து, தொலைக்காட்சிச் செய்தியாளரானார். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு 2010இல் ராய்ட்டர்ஸில் பயிற்சியாளராக, அதாவது கீழ்ப்படியிலிருந்து, கமராவோடு தொடங்கினார். அவருக்கும் ஒரு மாமா இருந்து, என்னைப் போல் புத்தி சொல்லியிருந்தால்? 2017இல் ரோஹிங்யா முஸ்லிம்கள் படகில் தப்பி பங்களாதேஷ் கரைக்கு வந்தபோது, களைத்துப்போன ஒரு பெண் குனிந்து கரை மண்ணைத் தொடுகிறாள். உலகம் பார்த்த அந்தப் படம் அவருடையது. 2018இல் ராய்ட்டர்ஸ் குழுவினரோடு புலிட்சர் பரிசு கிடைத்தது. 2021 ஜூலை 16ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். படித்த ஜாமிஆவின் மையவாடியிலேயே அடக்கப்பட்டார். இந்தியாவின் கொரோனா மரணங்களைப் படமெடுத்ததற்காக, சகாக்களோடு இரண்டாவது புலிட்சர் 2022இல் வந்தது. வாங்க அவர் இல்லை.

மருமகன் இன்னும் கட்டாரில்தான் இருக்கிறான், களஞ்சியக் கணக்காளராக. குறை சொல்ல மாட்டான். லீவில் வரும்போது அந்த அல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான். நான் எழுந்து கடை முன்னால் போய் நிற்பேன்.

கடந்த ரமழானில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். பழைய கமரா ஒன்று விலைக்கு வருகிறதாம், பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போகிறானாம். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தேன். மாதம் 5,000 ரூபா தவணை. திகதி போட்டுக் கொப்பியில் எழுதினேன். அவன் வாப்பாவும் எதிர்க்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். மூன்று தவணை வந்துவிட்டது.