பின்னால் வந்து மோதினால்: காப்புறுதியும் திருத்த வேலையும்

இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருக்கும் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று வயல் என்பது ஒரு முச்சக்கர வண்டிதான். சிலருக்கு ஒரு பழைய வான். காணி ஊரில் கிடக்கிறது. வண்டி லீசிங்கில் ஓடுகிறது. அந்த வண்டியைப் பின்னால் வந்த ஒருவர் மோதிவிட்டால் பிழை அவருடையது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் நட்டத்தைக் கடைசியில் சுமப்பவர் மோதப்பட்டவராகவே இருக்கிறார். சட்டம் அப்படிச் சொல்வதால் அல்ல. வீதியில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் காட்டிய அவசரமும், பொலிஸ் நிலையம் என்றதும் வரும் பயமுமே காரணம்.

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே சிவப்பு விளக்கில் ஒருவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த கார் மோதுகிறது. அதற்குப் பின்னால் நிற்கும் 100, 101 இலக்க பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன. கார்க்காரர் இறங்கி வந்து, “சின்ன நெளிவுதானே, ஐயாயிரம் தருகிறேன், பொலிசுக்குப் போனால் இரண்டு பேருக்கும் கரைச்சல்” என்கிறார். எம்மவரின் அடையாள அட்டையில் இருப்பது கிளிநொச்சி விலாசம். சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். லொட்ஜ்களில் இரவு நேரச் சோதனையும் பொலிஸ் பதிவும் இருந்த காலம் மனதைவிட்டு முற்றாகப் போய்விடவில்லை. காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

இதில் உள்ள நட்டம் அடுத்த நாள்தான் தெரியும். நாம் ஓட்டும் பஜாஜ் முச்சக்கர வண்டிகளில் எஞ்சின் இருப்பது பின்பக்கத்தில். காருக்குப் பின்னால் இடித்தால் டிக்கிதான் நெளியும். முச்சக்கர வண்டிக்கு இடித்தால் அடி எஞ்சினுக்கும், கியர்ப் பெட்டிக்கும், பின்சில்லுகளைத் தாங்கும் இரும்புக் கைகளுக்கும் போகிறது. வெளியில் ஒரு சாண் நெளிவு. உள்ளே எஞ்சின் பிடித்திருக்கும் இடம் வெடித்திருக்கலாம், சில்லு ஒரு பக்கம் சரிந்திருக்கலாம். இரண்டு வாரத்தில் ஒரு பக்க டயர் மட்டும் தேய்ந்துபோகும்போதுதான் விளங்கும். அப்போது அந்தக் கார்க்காரரை எங்கே தேடுவது? ஆதலால் மெக்கானிக் ஒருவர் வண்டியை உயர்த்திப் பார்க்கும்வரை, பின்மோதலைச் சின்ன விடயம் என்று எவரும் தீர்மானிக்க வேண்டாம். பெயின்ற் உரசல் மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் காசுக்குத் தீர்த்துக்கொள்வதில் நாம் பிழை காணவில்லை. அப்படியானாலும் திகதி, இரண்டு வண்டி இலக்கம், தொகை ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

மோதிய உடனே முதலில் பார்க்க வேண்டியது ஆட்களை. வண்டியில் இருந்தவர்களுக்குக் காயமா, பெற்றோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016 இல் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பொலிசுக்கு 119. அதன் பின்னர் கைத்தொலைபேசியை எடுங்கள். இரண்டு வண்டியும் மோதிய நிலையில் நிற்கும்போதே படம் எடுக்க வேண்டும். கிட்ட நின்று நெளிவை மட்டும் எடுத்தால் போதாது. தூர நின்று வீதிக் கோடும், சமிக்ஞை விளக்கும், அருகிலுள்ள கடைப் பலகையும் தெரிய ஒன்றாவது வேண்டும். மற்றவருடைய இலக்கத் தகடு, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றையும் படம் பிடியுங்கள். பஸ் அல்லது லொறி என்றால் சாரதி உரிமையாளர் அல்லர். உரிமையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். பார்த்துக்கொண்டு நின்ற கடைக்காரர் ஒருவரின் இலக்கமும் கையில் இருந்தால் நல்லது.

மோதிய வேகத்தில் எமது வண்டி முன்னால் நின்ற இன்னொன்றில் போய் இடித்திருந்தால் இந்தப் படங்கள் இன்னும் முக்கியம். முன்னால் நிற்பவர் எம்மோடுதான் சண்டைக்கு வருவார். நாம் நின்றுகொண்டிருந்தோம், பின்னால் வந்தவர்தான் தள்ளினார் என்பதைக் காட்ட வேண்டும். பிழை என்னுடையது என்று யாருக்கும் வாயாலோ எழுத்தாலோ ஒப்புக்கொடுக்க வேண்டாம்.

இனிப் பொலிஸ். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி வண்டியை நிறுத்த வேண்டும், உதவி செய்ய வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும் என்கிறது. இது மோதியவருக்கும் உரியது. ஆகவே பொலிஸைக் கூப்பிடுவது நாம் அவருக்குச் செய்யும் பகையல்ல. காயம் ஏற்பட்டிருந்தாலோ, மற்றவர் பிழையை மறுத்தாலோ, அவரிடம் காப்புறுதி இல்லாவிட்டாலோ முறைப்பாட்டுப் பதிவு கட்டாயம் வேண்டும். 1987, 1988 ஆம் ஆண்டுகளில் வந்த அரசியலமைப்புத் திருத்தங்களின்படி தமிழும் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். தமிழில் எழுதக்கூடியவர் அந்த நேரம் இல்லாமல் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிய பின்னரே கையொப்பமிடுங்கள். தெரிந்த ஒருவரை உடன் கூட்டிச் செல்வதில் வெட்கம் வேண்டாம். பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வராவிட்டால், பிறகு பிரதி எடுக்க அலைய வேண்டிவரும்.

காப்புறுதி என்ற சொல் எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. நெற்செய்கைக் காப்புறுதியை ஊரில் கண்டவர்கள் நாம். 1958 இல் இந்நாட்டில் சோதனையாகத் தொடங்கி, 1973 இல் கமத்தொழில் காப்புறுதிச் சபையாக வந்தது அது. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் அதிகாரி வந்து பார்க்கும் முன் வயலை உழுது புரட்டிவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். வண்டிக்கும் அதே பாடம்தான். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் படம் எடுக்கும் முன் கராஜில் ஒரு தகட்டைக்கூடத் தட்டி நிமிர்த்தக் கூடாது. மறுநாள் ஓடவேண்டும் என்ற அவசரத்தில் டிங்கர் வேலையை முடித்துவிட்டு வருபவருக்குக் கம்பனி எதைப் பார்த்துக் காசு கொடுக்கும்?

வண்டிக் காப்புறுதி இரண்டு வகை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வண்டிக்கும் கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அது எம்மால் பிறருக்கு வரும் இழப்புக்கானது. எமது வண்டியைத் திருத்த ஒரு சதமும் தராது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் உயிரிழப்பு, உடற்காயம் என்பவற்றுக்கான பொறுப்பையே. பிறருடைய வண்டிச் சேதத்துக்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் எழுதியிருக்கும் எல்லையைப் பொறுத்தது. மற்றது முழுக் காப்புறுதி. லீசிங் வண்டி என்றால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

முழுக் காப்புறுதி இருந்தால் மோதிய இடத்திலிருந்தே சொந்தக் கம்பனிக்குத் தொலைபேசி எடுங்கள். இலக்கம் காப்புறுதி அட்டையில் இருக்கும். கொழும்பில் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அந்த இடத்துக்கே வருவார். எமது கம்பனி திருத்தச் செலவைத் தந்துவிட்டு மோதியவரிடமோ அவருடைய கம்பனியிடமோ அறவிட்டுக்கொள்ளலாம். இது விரைவான வழி. ஆனால் முதற்பகுதியாக ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டியிருக்கலாம். ‘எக்ஸெஸ்’ என்பது அதுதான். வருடக் கட்டணத்தில் கிடைத்துவந்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ கழிவும் போகக்கூடும். பிழை மற்றவருடையது என்று நிரூபித்தால் போனஸ் நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் தரப்பு மாத்திரம் உள்ளவர் மோதியவரின் கம்பனியை நாட வேண்டும். பொலிஸ் அறிக்கை, படங்கள், கராஜின் மதிப்பீடு ஆகியவற்றுடன் வண்டியின் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பிரதியை அவருடைய கம்பனிக்கும் அனுப்புங்கள். இது இழுபடும் வழிதான். ஒரே செலவை இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

அந்த இடத்திலேயே காசு தரும் முறை இப்போது பல கம்பனிகளில் உண்டு. வசதிதான். ஆயினும், இதோடு சரி, இனிமேல் கோரமாட்டேன் என்ற வாசகம் உள்ள படிவத்தில் கையொப்பமிட முன்னர் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்க்க வேண்டும், கராஜ் மதிப்பீட்டின் பின்னர் முடிவு சொல்கிறேன் என்று சொல்ல எமக்கு இடம் உண்டு.

பலரை ஏமாற வைக்கும் இரண்டு விடயங்கள் பத்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று, வண்டியின் பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா வீழ்ந்தது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. காப்புறுதித் தொகையோ பலருக்குப் பழைய கணக்கிலேயே நின்றது. சந்தையில் 12 இலட்சம் பெறும் வண்டியை 6 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பாதியைத்தான் காப்புறுதி செய்தோம் என்று கம்பனி கணக்குப் போடும். ஒரு இலட்சம் ரூபா திருத்த வேலைக்கு ஐம்பதாயிரம்தான் வரும். அதிலும் எக்ஸெஸ் கழியும். இரண்டாவது, வண்டியின் பாவனை. சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்துவிட்டு ஹயர் ஓடினால், மோதிய நேரம் பயணி இருந்தார் என்று தெரிந்தவுடன் கோரிக்கையை மறுக்கலாம். கட்டணம் சற்றுக் குறைவு என்று தரகர் சொல்வதைக் கேட்டு இதைச் செய்தவர்கள் எம்மிடையே உண்டு. இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

கராஜ் விடயத்தில், கம்பனி தன்னுடன் ஒப்பந்தமுள்ள இடத்தைச் சொல்லும். அங்கே விட்டால் காசு நேரே கராஜுக்குப் போகும். கொட்டாஞ்சேனையில் தெரிந்த பாஸிடம் விடுவதென்றால் மதிப்பீட்டில் கூலி வேறு, சாமான் வேறு என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பின் புதிதாகச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மதிப்பீட்டாளரை மறுபடி கூப்பிட வேண்டும். பழைய வண்டிக்குப் புதிய சாமான் போட்டால் தேய்மானம் என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். அதனால்தான் பலர் பஞ்சிகாவத்தைக்குப் போகிறார்கள். பாவித்த சாமான் அங்கே மலிவு; கண்ணாடி, லைட், தகடு வாங்கலாம். சில்லைத் தாங்கும் பாகங்களையும் பிரேக் சாமான்களையும் பாவித்ததில் வாங்காதீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றும் வண்டி அது. எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டு வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கம்பனி கேட்கும், எறிய வேண்டாம்.

காப்புறுதிப் பத்திரம் பொதுவாகத் தராத ஒன்று, வண்டி கராஜில் நின்ற நாட்களின் உழைப்பு. கூலிக்கு ஓடுபவருக்கு இதுதான் பெரிய நட்டம். அதைச் சட்டப்படி மோதியவரிடம் கோரலாம். அதற்கு முந்திய மாதங்களின் நாள் வருமானத்தை எழுதிய கொப்பி ஒன்றும், வண்டி எந்தத் திகதிமுதல் எந்தத் திகதிவரை நின்றது என்ற கராஜின் கடிதமும் துணைபுரியும். கழுத்து நோவும் அப்படித்தான்; பின்மோதலில் பலருக்கு அது மறுநாளே தொடங்கும். தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலயிலோ காட்டி, விபத்தில் வந்தது என்று பதியச் செய்யுங்கள். எமது பிரேக் லைட் எரியவில்லை என்றால், எமக்கும் ஒரு பங்கு பிழை என்று வாதாட 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும். பத்து நிமிட வேலை, ஒரு பல்ப் மாற்றுவது.

கம்பனி மறுத்தால் அல்லது மிகக் குறைத்தால், முதலில் காரணத்தை எழுத்தில் கேட்டுக் கம்பனிக்கே மேன்முறையீடு செய்ய வேண்டும். அதன் பின் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கம்பனிகளைக் கண்காணிக்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மோதியவரோடு நேரடியான காசுப் பிணக்கு என்றால், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. வழக்கென்றால் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தருவார், தருவார் என்று பார்த்திருந்து அந்தக் காலம் ஓடிவிட்டால் சட்டத்தரணியாலும் ஒன்றும் செய்ய இயலாது.

லீசிங் கம்பனிக்கும் விபத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள். வண்டி முற்றாக அழிந்தால் காப்புறுதிக் காசு முதலில் அவர்களுக்கே போகும், மிச்சம்தான் எமக்கு. வண்டி நிற்கும் மாதத்தின் தவணையைத் தள்ளிப்போடும்படி கேட்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று, இடம்பெயர்ந்தோருக்கே உரிய சிக்கல்: அனுமதிப்பத்திரத்திலும் காப்புறுதிப் பத்திரத்திலும் பலருக்கு இன்னும் ஊர் விலாசம்தான். கம்பனி அனுப்பும் பதிவுத் தபால் ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் திரும்புகிறது. பதில் இல்லை என்று கோரிக்கைக் கோவை மூடப்படுகிறது. இப்போது இருக்கும் இடத்தின் கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம் எடுத்து, காப்புறுதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும் கொழும்பு விலாசத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவர்களின் முத்திரையுடன் ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.