முக்காலால் வகுத்துப் பார்த்தோமா?

வகுத்தால் குறையும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் காலாலும் அரையாலும் வகுத்தால் விடை கூடும். 50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கால் கிலோவாகக் கட்டினால் 200 பொட்டலம். இது கடைப் பையனுக்கும் தெரியும்.

முக்கால் கிலோவாகக் கட்டினால்? 50 கிலோவில் 200 கால்கள். மூன்று கால் சேர்ந்தால் ஒரு பொட்டலம். ஆக 66 பொட்டலம் போக, மீதி இரண்டு கால், அதாவது அரைக் கிலோ. கால்குலேட்டர் 66.66 என்று காட்டும். அந்த .66 என்பது பொட்டலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதை 660 கிராம் என்று இருப்பில் எழுதினால் கணக்கு உதைக்கும்.

உண்மையான நஷ்டம் அடக்கவிலையில்தான் ஒளிந்திருக்கிறது. கிலோ 90 ரூபாய்க்குப் புளி வாங்குகிறோம். கொட்டை, நார் நீக்கினால் முக்கால் பங்கு தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு கழிவுதானே என்று 90-இல் கால் பங்கான 22.50-ஐக் கூட்டி, 112.50 அடக்கம் என்கிறோம். 115-க்கு விற்று லாபம் என்று மகிழ்கிறோம்.

மூட்டைக்கே கணக்குப் போடுவோம். 50 கிலோவுக்கு முதல் 4,500 ரூபாய். தேறியது 37½ கிலோ. அடக்கம் கிலோவுக்கு 120 ரூபாய்! 115-க்கு விற்றால் மூட்டைக்கு ரூ. 187.50 கைநஷ்டம்.

வழி எளிது. 90-ஐ மூன்றால் வகுத்து, நான்கால் பெருக்குங்கள், 120 வரும். கழிவுள்ள சரக்குக்கெல்லாம் தேறும் பங்கால் வகுத்த பிறகே விலை எழுதுவோம். கூலியும் லாபமும் அதற்கு மேல்தான்.