மனையில் முடங்கும் பணம்

நெசவுக் கூலியிலோ வெள்ளாமையிலோ நாலு காசு மிஞ்சினால் அதை மண்ணில் போட வேண்டும் என்பது நம் மக்களின் நெடுநாளைய எண்ணம். பொன் களவு போகும், ரொக்கம் செலவாகும், நிலம் எங்கே போகும் என்பார்கள். உண்மைதான், நிலம் ஓரிடமும் போவதில்லை. ஆனால் அதில் போட்ட பணம் வேண்டிய வேளையில் கைக்கு வராமற் போவதுண்டு. மனை வாங்குவது பற்றி அங்கத்தினர் பலர் யோசனை கேட்டு வருவதால், இதன் கணக்கைச் சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

நாம் நன்கறிந்த நெசவாளர் ஒருவர், நகருக்கு வெளியே விளைநிலத்தைக் கூறு போட்டு விற்ற இடத்தில் 2012-ம் ஆண்டு 3 சென்ட் மனை வாங்கினார். எல்லைக்கல் நட்டிருந்தது, செம்மண் பாதையும் போட்டிருந்தது. பத்திரமும் முறைப்படி பதிவாயிற்று. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. 2017 தை மாதத்தில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மனையை விற்றுச் செலவைச் சரிக்கட்டுவதாக அவர் எண்ணியிருந்தார். ஆனால் 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதெனத் தடை விதித்துவிட்டது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். முகூர்த்த நாளை மாற்ற இயலாது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 3 லட்சம் கடன் வாங்கித் திருமணம் நடந்தது. மாதம் 9,000 ரூபாய் வட்டி!

பின்னர் 2017-ல் அரசாங்கம் வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன் விற்ற மனைகளுக்கு வழி செய்தது. அவரும் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொண்டார். மனை இன்றும் அவருடையதே. ஆனால் கணவனும் மனைவியும் தறியில் உழைத்த கூலியின் பெரும்பகுதி ஓராண்டுக்கு மேலாக வட்டிக்கே போயிற்று. இதில் மோசடி ஏதும் இல்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். மனை நல்ல மனை; விற்க வேண்டிய நாளில் விற்க முடியவில்லை, அவ்வளவே.

நிற்க. பத்திரம் பதிவாகிவிட்டதனாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிகிறதேயன்றி உரிமைக்குப் பிணை நிற்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்காவது வில்லங்கம் பார்க்க வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் இதைக் கட்டணமின்றிப் பார்க்க இன்று வசதியுண்டு. ஆயினும் அதில் தெரிவன பதிவான நடவடிக்கைகள் மட்டுமே. பதியாத உயில் அதில் தெரியாது. பாகம் பிரியாத சொத்தில் சகோதரியின் பங்கும் தெரியாது. 1989-ம் ஆண்டின் தமிழகத் திருத்தமும் 2005-ம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்குரிமை அளித்த பின், அண்ணன் தம்பி கையெழுத்தை மட்டும் பெற்று வாங்குவது வழக்கை விலைக்கு வாங்குவதாகும். பொது அதிகாரம் பெற்ற முகவர் விற்பாராயின், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே முதற்கேள்வி. கிரயம் எழுதாமல் அதிகாரப் பத்திரத்தையே கிரயம்போல் வாங்கி வைப்பாரும் உளர். அதனால் உரிமை மாறாதென உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

எல்லாம் ஒழுங்காயிருக்கும் மனைக்கும் கணக்கு ஒன்று உண்டு. மனையின் விலை 6 லட்சம் என்போம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் சேர்ந்து 54,000 ரூபாய். ஆக முதல் 6,54,000. இத்தொகை 7 சதவிகிதக் கூட்டு வட்டியில் வைப்பில் கிடந்தால் ஐந்தாண்டில் 9,17,000 ரூபாய்க்கு மேலாகும். மனை அதற்கு மேல் விலைபோனால்தான் லாபம். தரகும் வரியும் வேறு. அதே முதலை 12 சதவிகிதக் கூட்டு வட்டியில் கடனாகப் பெற்றிருந்தாலோ, ஐந்தாண்டு முடிவில் பாக்கி பதினொன்றரை லட்சம். விலை இரு மடங்காகும் என்று தரகர் சொல்லுங்கால், எத்தனை ஆண்டில் என்று கேட்பது நலம்.

முழு மனை வாங்க வசதியில்லாதவர்களைத் தேடித் தவணைத் திட்டங்கள் வந்தன. அவற்றுள் பெரியது பேர்ல்ஸ் எனப் பலரும் அறிந்த பி.ஏ.சி.எல். கம்பெனி. விளைநிலம் தருவதாகச் சொல்லி, நாடெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம் பேரிடம் 49,100 கோடி ரூபாய் வசூலித்தது. கொடுத்த காகிதத்தில் நிலத்தின் அளவும், தவணை முடிவில் அதன் உத்தேச மதிப்பும் இருந்தன. நிலம் எந்த ஊரில் என்பது இல்லை! பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியம் இதனை எதிர்த்தபோது, 2003-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாயிற்று. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்யும் வரை பத்தாண்டுகள் வசூல் தடையின்றி நடந்தது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்பது எளிது. நாம் அவ்வாறு கூறோம். மாதம் இருநூறு முந்நூறு கட்டியவருக்கு நிலம் என்ற சொல்லின்மேல் இருந்த நம்பிக்கையே இதற்குக் காரணம். வசூலித்தவரும் பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருந்தார்.

2014 ஆகஸ்டில் செபி பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. 2016 பிப்ரவரியில், ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் குழு அமைத்து, சொத்துகளை விற்றுப் பணம் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. முதலில் 2,500 ரூபாய் வரை வரவேண்டியவர்களுக்கும், பின்னர் படிப்படியாகச் சற்றுப் பெரிய தொகைகளுக்கும் பணம் வழங்கப்பட்டது. கேட்டாலன்றி அசல் சான்றிதழை எவரிடமும் கொடுக்க வேண்டாமெனக் குழு எச்சரித்திருக்கிறது. அச்சான்றிதழ் இன்னும் பெட்டியில் இருக்கும் அங்கத்தினர்கள், பணம் வாங்கித் தருகிறேன் என்று வருவோரிடம் அதைக் கொடுத்துவிடாமல், நகலை மட்டும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு வந்தால், செபியின் அறிவிப்பைப் பார்த்து விவரம் சொல்லப்படும்.